உப்புக்கு மேலே ஓர் ஊரணி வெட்டுவது எப்படி

போன சித்திரையில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள். "அக்கா, ஊருக்கு ஒரு ஊரணி வெட்டிக் கொடுக்கலாம்னு இருக்கோம். எத்தனை அடி தோண்டணும்?" ஆளுக்கு ஒரு மணி நேரம் போனில் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. எங்கள் ஊர் சாயல்குடிக்குத் தெற்கே, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சின்னையா எங்கள் கண்மாய்க்குக் கடைசிவரை நீர்க்கட்டியாக, அதாவது மடை திறந்து தண்ணீர் பங்கிடுகிறவராக இருந்தார். அவர் பின்னாலேயே தூக்குவாளியோடு திரிந்து வளர்ந்தவள் நான். பிறகு மகளிர் குழு, ஒரு தவணை வார்டு உறுப்பினர். நாலு ஊரணி தூர்வாரியதையும், ஒன்று புதிதாக வெட்டியதையும் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நாலில் ஒன்று கெட்டுப்போனது. அதில் எனக்கும் பங்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எத்தனை அடி என்று கேட்கிறீர்கள் அல்லவா, அந்தக் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற ஊர்களில் தண்ணீர் தேடித் தோண்டுவார்கள். நம் கடற்கரையில் தண்ணீர் வைக்கத்தான் தோண்ட வேண்டும். கீழே இருப்பது உப்பு. மழை கொடுப்பதை அந்த உப்பில் படாமல் ஒன்பது மாதம் வைத்திருக்கிற பாத்திரம்தான் ஊரணி. பாத்திரத்தை ஆழமாக்குகிறேன் என்று அடியில் ஓட்டை போட்டுவிடக் கூடாது.

கடற்கரை மணல் தேரியில் பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கையளவு பள்ளத்தில் இனிக்கிற தண்ணீர், கூப்பிடு தூரத்தில் கடல். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு என்பதால் மணலுக்குள் அதன் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழே 40 அடி உப்பு ஏறி வரத் தயாராக இருக்கிறது. அதனால்தான் அங்கே மோட்டார் போட்டவர்கள் ஊற்றைக் கெடுத்தார்கள், சிரட்டையால் மொண்டவர்கள் கெடுக்கவில்லை. தேரி மணலில் ஊரணி வெட்ட முடியாது, ஊற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கொஞ்சம் உள்ளே தள்ளிக் களிமண் படிந்திருக்கிற இடத்துக்குத்தான் நான் சொல்லப்போவது பொருந்தும்.

மலைப் பக்கம் இதே வேலை வேறு மாதிரி. இரண்டு மலைக்கு நடுவே ஒரு சுவர் கட்டினால் பள்ளத்தாக்கே பாத்திரமாகிவிடும், தண்ணீர் தன் எடையில் தூரத்து ஊருக்கு ஓடும். 1895இல் முடிந்த பெரியாறு அணை அப்படித்தான் மேற்கே போன தண்ணீரைச் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பியது. அந்த யோசனையே நம் சேதுபதி சீமையில் முளைத்ததுதான். சேதுபதியின் பிரதானி, அதாவது மந்திரி, முத்திருளப்ப பிள்ளை 1789இல் ஆராய்ந்து பார்த்து, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். அப்புறம் வைகை அணை 1959இல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் அத்தனை ஊரையும் தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்வதற்குள் வயது போய்விடுகிறது. அதற்கும் தெற்கே கடலோரத்தில் இருக்கிற நாம் அந்த வாலுக்கும் வால். நமக்கு மலை கிடையாது. ஆகவே பள்ளத்தாக்கையும் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறதே என்பீர்கள். வரட்டும், நல்லது. குழாய் உடைகிற நாளில் உலை வைக்க என்ன செய்வது?

வெட்டுவதற்கு முன்னால்

புது இடம் தேடும் முன் பழைய ஊரணி இருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஊருக்கு மேல் இருக்கும். வேலிக்கருவை மண்டி, குப்பை கொட்டி, யாரோ வைக்கோல் படப்பு போட்டு, பார்த்தால் ஊரணி என்றே தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் நில அளவை வரைபடத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதில் ஊரணி என்றே போட்டிருந்தால் பாதி வேலையை முன்னோர்கள் முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்கள் தாழ்வான இடத்தையும் களிமண்ணையும் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். நீர்நிலைப் புறம்போக்கில் வேலை செய்வதற்கும், மண்ணை வெளியே கொண்டு போவதற்கும் அனுமதி வேண்டும். மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு ஊராட்சி வழியாகவே போங்கள். தனியாகப் பணம் கொடுத்துப் பொக்லைனை இறக்கிவிட்டுப் பிறகு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இடம் புதிதானால் முதலில் செடியைப் பாருங்கள். உமரி முளைத்த நிலத்தில் வெட்டாதீர்கள், அது உப்பைத் தின்று வளர்கிற செடி. பங்குனி வெயிலில் தரை வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுவும் வேண்டாம். பனை நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பனை எங்கேயும் நிற்கும்.

அடுத்தது சோதனைக் குழி. இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். சித்திரை, வைகாசியில் குழி போடுங்கள். மூன்றடி அகலம், ஆள் இறங்கி நிற்கிற மாதிரி. ஒவ்வொரு அடி மண்ணையும் தனித்தனிக் குவியலாக வரிசையாகக் கொட்டச் சொல்லுங்கள். குழி முடியும்போது நிலத்தின் வயிறு அப்படியே வெளியே வரிசையாக இருக்கும். நாங்கள் கடைசியாக வெட்டிய ஊரணியில் வரிசை இப்படி இருந்தது: மேலே இரண்டடி பழுப்பு மணல் கலந்த மண். அதிலிருந்து பதினோராம் அடி வரை கறுப்புக் களி. அடுத்து சுக்கான் கல் கலந்த மஞ்சள் களி. பதின்மூன்றரை அடியில் ஈர மணல். அந்த மணலை எடுத்து நாக்கில் வைத்தேன். கருவாட்டுப் பானையை வழித்த மாதிரி இருந்தது.

ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பென்சில் கனத்துக்குத் திரித்து, விரலைச் சுற்றி மோதிரமாக வளைத்துப் பாருங்கள். விரியாமல் நின்றால் நல்ல களி, தண்ணீரைப் பிடிக்கும். முறிந்தால் மணல் கலப்பு. சின்னையா இதற்கும் ஒரு படி மேலே போவார். மண்ணைப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறநற என்றால் துப்பிவிட்டு அடுத்த குவியலுக்குப் போவார். வெண்ணெய் மாதிரி கரைந்தால் "இது நிக்கும் தாயி" என்பார். அவர் சொல்லித் தப்பானதை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்களுக்கு மோதிரச் சோதனை போதும்.

ஒன்று கவனம். ஆழம் பார்க்கும் குழியை ஊரணிக்குள் போடாதீர்கள், கரை வரப்போகும் இடத்துக்கு வெளியே போடுங்கள். உப்பு மணல் வரை தொட்ட குழி என்றால் அது உப்புக்கு நீங்களே திறந்துவிட்ட வாசல். உள்ளே ஒன்று போட்டே ஆக வேண்டும் என்றால் பார்த்த கையோடு களிமண்ணால் இடித்து அடைத்துவிடுங்கள்.

குழியை ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். காலையில் அடியில் ஊறியிருக்கிற தண்ணீரை டிடிஎஸ் மீட்டரால் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டுகிற கருவி) அளந்து எழுதிவையுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது அரசாங்கத் தரக்கணக்கு. அந்தக் குழித் தண்ணீரில் மீட்டர் காட்டுகிற எண்ணைப் பார்த்ததும் ஆழமாகத் தோண்டுகிற ஆசை தானாகப் போய்விடும்.

அளவு: யார் எவ்வளவு குடிக்கிறார்கள்

800 பேர் உள்ள ஊர் என்று வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குப் 10 லிட்டர். நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தையிலிருந்து புரட்டாசி வரை 270 நாள் வைத்துக் குடிக்க வேண்டும். 800 × 10 × 270 என்றால் 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர்.

இவ்வளவுதானே என்று இதற்குத் தகுந்த அளவில் ஒரு குழி வெட்டினால் ஆனியில் சேறுதான் இருக்கும். ஏனென்றால் இந்தக் கணக்கில் இன்னொருத்தர் இருக்கிறார், வெயில். நம் காற்றிலும் காந்தலிலும் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். 270 நாளில் ஏறக்குறைய ஐந்தடி. ஆகவே வெட்டுகிற அளவு இதையும் சேர்த்து இருக்க வேண்டும்.

நாங்கள் வெட்டியது மேலே 200 அடிக்கு 200 அடி, ஆழம் 10 அடி. பக்கவாட்டை ஓர் அடி இறங்க இரண்டடி சரிவாக வெட்டினால் அடியில் 160 அடிக்கு 160 வரும். கொள்ளளவு 3 லட்சத்து 25 ஆயிரம் கன அடி, அதாவது சுமார் 92 லட்சம் லிட்டர். இதில் வெயில் குடிப்பது சுமார் 45 லட்சம். ஊர் குடிப்பது 21 லட்சத்துச் சொச்சம். ஊரைவிட இரண்டு பங்கு வெயில் குடிக்கிறது! மீதி 25 லட்சம் லிட்டர். கசிவு கொஞ்சம் போக, புரட்டாசிக் கடைசியில் மூன்றடிக்குக் கொஞ்சம் குறையத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்த மூன்றடி ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் வாயைச் சின்னதாக்கி ஆழத்தைக் கூட்டினால் வெயிலுக்குக் குறைவாகப் போகுமே? மதுரைப் பக்கமாக இருந்தால் நானே அதைத்தான் சொல்வேன். இங்கே பதின்மூன்றரை அடியில் உப்பு இருக்கிறது. அடியில் குறைந்தது மூன்றடிக் களி பாயாகக் கிடக்க வேண்டும். பத்தடியில் நிறுத்தியே ஆக வேண்டும். உங்கள் ஊரில் உப்பு ஒன்பதடியில் இருந்தால் ஆறடியில் நிறுத்துங்கள், அகலத்தைக் கூட்டுங்கள், வெயிலுக்குப் போவதைப் போகவிடுங்கள்.

ஊரணிக்குத் தண்ணீர் வரும் நிலமும் வேண்டும். வடகிழக்குப் பருவத்தில் நமக்குச் சுமாராக 500 மில்லிமீட்டர் மழை. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வரும் என்று வைத்தால் ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். 92 லட்சத்துக்கு 23 ஏக்கர் வரத்து நிலம் தேவை. இது சுத்தமான நிலமாக இருக்க வேண்டும். உரம் போடுகிற மிளகாய்க் கொல்லை, மயானம், உப்பளம், கழிப்பறைக் குழி இவற்றின் தண்ணீர் வரத்துக்காலில் சேரக் கூடாது. 23 ஏக்கர் கிடைக்காவிட்டால் ஊரணியைச் சின்னதாக வெட்டுங்கள். நிரம்பாத பெரிய ஊரணி வெயிலுக்குத்தான் லாபம்.

வெட்டும்போது

பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் மண் வேலையை முடித்துவிடுங்கள். மேல் மண் இரண்டடியைத் தனியாக ஒதுக்குங்கள், கரையின் வெளிச்சரிவில் அருகம்புல் பிடிக்க அது வேண்டும். மொத்தம் 3,250 யூனிட் மண் வரும் (யூனிட் என்றால் 100 கன அடி). கரைக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் யூனிட் போய்விடும்: ஆறடி உயரம், தலையில் ஆறடி அகலம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு. வெட்டிய விளிம்புக்கும் கரையின் காலுக்கும் நடுவே பத்தடி சும்மா விடுங்கள். விடாவிட்டால் முதல் மழையிலேயே கரை உள்ளே சரிந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சேர்த்து இடம் 1 ஏக்கர் 80 செண்ட் பிடிக்கும்.

கரை மண்ணை டிப்பரில் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. அரையடிக் கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, அப்புறம் அடுத்த அரையடி. எவ்வளவு தண்ணீர் தெளிப்பது? புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தூக்கிப் போட்டால் உதிர வேண்டும். நான் இதைச் சொன்னபோது மேற்பார்வைக்கு வந்திருந்த தம்பி சிரித்தார். பிறகு அவரே ஆட்களிடம் "அக்கா சொன்ன புட்டுப் பதம் வந்துருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடல் பக்கத்துக் கரையை இரண்டடி கூடுதலாக உயர்த்துங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலைப் பற்றி அப்பத்தா சொல்லும்போது காற்றைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். ஒரே ஒரு தடவை கடல் உள்ளே வந்தால் ஊரணி அந்த வருடம் செத்தது.

இப்போது அந்தக் கெட்டுப்போன ஊரணிக் கதை. பன்னிரண்டு வருடம் இருக்கும். தூர்வார வந்த ஒப்பந்தக்காரருக்கு வேறு எங்கோ மேடு நிரப்ப மண் தேவைப்பட்டது. வடகிழக்கு மூலையில் நல்ல கறுப்புக் களி இருந்தது. "இன்னும் நாலடி எடுத்தா இன்னும் தண்ணி நிக்கும்லக்கா" என்றார். கரையில் பத்துப் பேர் நின்றோம். சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. சின்னையா அப்போது கண் மங்கிக் கட்டிலில் கிடந்தார், அவரைக் கேட்கவே இல்லை. அந்த வருடம் மழை பிரமாதம். ஊரணி தளும்பியது. தையில் பொங்கல் வைத்தோம், தண்ணீர் இளநீர் மாதிரி. மாசிக் கடைசியில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அயித்தை வந்து, "ஏன்டி, இன்னிக்குப் பருப்பு வேகலை, ஒனக்கு வெந்துச்சா?" என்று கேட்டது. எனக்கும் வேகவில்லை. பழைய பருப்பு என்று கடைக்காரரைத் திட்டினோம். பங்குனியில் நாக்குக்கே தெரிந்துவிட்டது. அந்த மூலையில் களி போர்வை கிழிந்து, தண்ணீர் மட்டம் இறங்க இறங்கக் கீழிருந்து உப்பு ஏறியிருக்கிறது.

சரிசெய்ய இரண்டு வருடம் ஆனது. முழுதும் இறைத்து, கண்மாயிலிருந்து களி கொண்டுவந்து, அதே புட்டுப் பதத்தில் அரையடி அரையடியாக இடித்து நாலடியையும் மேலே கொண்டுவந்தோம். அடுத்த மழையில் சேர்ந்த தண்ணீரையும் கழுவி வெளியே விட்டோம். அதற்கடுத்த வருடம்தான் பருப்பு வெந்தது. அன்றிலிருந்து பொக்லைன் வேலை செய்யும்போது ஒரு ஆள் கம்பும் கயிறும் வைத்துக்கொண்டு கூடவே நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். பத்தடிக்குக் கம்பில் சிவப்புத் துணி. துணி தரை மட்டத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்திவிடுவோம், டிரைவர் டீ குடிக்கப் போய்விடலாம்.

தண்ணீர் உள்ளே வர, வெளியே போக, மேலே வர

வரத்துக்கால் ஊரணியைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் பத்தடிக்குப் பத்தடி, நாலடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி. ஓடிவரும் தண்ணீர் அங்கே மூச்சு வாங்கி வண்டலைப் போட்டுவிட்டு உள்ளே போகும். அதற்கும் முன்னால் பலகை போடுகிற மாதிரி ஒரு சின்ன மடை, பக்கத்தில் ஒதுக்குக்கால். முதல் இரண்டு மழைத் தண்ணீரை உள்ளே விடாதீர்கள். ஆறு மாதத்து ஆட்டுப் புழுக்கையும் தூசியும் அதில்தான் வரும். மூன்றாவது மழைக்குப் பலகையை எடுங்கள். பெரும்பாலும் ராத்திரியில்தான் பெய்யும், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டார்ச்சோடு ஓட வேண்டியிருக்கும். இதற்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். "ஊர் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டால் பலகை ஐப்பசி முழுக்க மூடியே கிடக்கும்.

மிஞ்சுகிற தண்ணீர் போகக் கலுங்கு கல் வைத்துக் கட்டுங்கள். அந்தத் தண்ணீரை மாட்டுக் குட்டைக்குத் திருப்பிவிட்டால் ஆடு மாடு ஊரணிப் பக்கம் வராது. முள்வேலி போடுவதைவிட இது நல்ல வேலை செய்கிறது.

தண்ணீர் எடுக்க யாரும் உள்ளே இறங்கக் கூடாது. பழைய ஊரணிகளில் படித்துறையில் இறங்கிக் குடத்தை அமுக்கித்தான் மொண்டார்கள். அப்பத்தாவின் கணுக்காலில் சுருங்கிப்போன ஒரு வடு இருந்தது, நரம்புச் சிலந்தி வந்த இடம். புழு உள்ளவர் காலை நனைத்த தண்ணீரில் அதன் குஞ்சு இறங்கும். அதைக் குடிப்பவருக்கு ஒரு வருடம் கழித்துக் காலில் வரும். வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்ததும், படித்துறைகளை மூடியதும்தான் அதை ஒழித்தது. 2000இல் இந்தியாவில் நரம்புச் சிலந்தி இல்லை என்று அறிவித்தார்கள். வடுவைப் பார்த்தவர்கள் படித்துறை கேட்க மாட்டார்கள்.

அதற்குப் பதில் கரைக்கு வெளியே ஓர் உறைகிணறு. சிமெண்டு உறைகளை ஊரணியின் அடிமட்டத்துக்கு இறக்குங்கள், அதற்கும் கீழே வேண்டாம். ஊரணியின் அடியிலிருந்து கிணறு வரை ஒரு வாய்க்கால் தோண்டி வடிகட்டி போடுங்கள்: ஊரணி பக்கம் செங்கல் ஜல்லி, நடுவில் ஆற்று மணல், கிணற்றுப் பக்கம் பொடி ஜல்லி. நடுவில் ஒரு கை கரி போடுவோம், மூட்டம் போடுகிற ஊரில் கரிக்கா பஞ்சம்! கடற்கரை மணலை மட்டும் போடாதீர்கள். பக்கத்தில் இருக்கிறது, சும்மா கிடைக்கிறது என்று போட்டு இரண்டு வருடம் உப்புக் கரித்த கிணறு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கிணற்றின் மேல் கப்பியும் கயிறும் போதும். மோட்டார் வேண்டாம் என்பது என் கட்சி. மோட்டார் வந்த மறுநாள் துணி துவைக்கவும் வண்டி கழுவவும் தண்ணீர் போகும். ஆளுக்குப் 10 லிட்டர் கணக்கு அத்தோடு சரி.

பிளீச்சிங் பவுடரை ஊரணியில் கொட்டாதீர்கள், கிணற்றில் போடுங்கள். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கிற தெளிவை மட்டும் ராத்திரி ஊற்றிவிட்டால் காலையில் இறைக்கலாம். கலங்கல் இருந்தால் மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வையுங்கள், விடிவதற்குள் அடியில் இறங்கிவிடும். அது கலங்கலைத்தான் எடுக்கும், கிருமியை எடுக்காது. குழந்தைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும்.

கரையில் வேலிக்கருவை ஒரு முளை தெரிந்தாலும் வேரோடு பிடுங்குங்கள். வேர் களியைத் துளைத்துக்கொண்டு போகும், காய்ந்ததும் அதே துளையில் தண்ணீர் போகும். வெளிச்சரிவின் அடியில் பனங்கொட்டை ஊன்றலாம்.

மூன்றடிக் கோல்

ஊரணி நடுவில் ஒரு சிமெண்டுத் தூண் நட்டு அடிக்கு ஒரு கோடு போடுங்கள். மூன்றடியில் சிவப்புக் கோடு. தூணுக்குக் குழி ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது, அகலமான பீடத்தில் நிற்கட்டும். தையிலிருந்து வாரம் ஒரு நாள் படித்து, கோயில் சுவரிலோ பள்ளிவாசல் பலகையிலோ, எது எல்லோர் கண்ணிலும் படுமோ அங்கே எழுதுங்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எழுதுவோம். வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் குறைவது வெயிலின் கணக்கு. குடிப்பதையும் சேர்த்து இரண்டரை வரை போகலாம். நாலு அங்குலம் குறைந்தால் யாரோ ராத்திரியில் டேங்கர் வைத்து இறைக்கிறார்கள், அல்லது கரையில் நண்டு வளை விழுந்திருக்கிறது. இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

சிவப்புக் கோடு தெரிந்தால் கப்பியைக் கழற்றிவிடுவோம். மேலே நிற்கிற அந்த மூன்றடித் தண்ணீரின் எடைதான் அடிக்களியை அழுத்திப் பிடித்து, கீழே இருக்கிற உப்பை ஏறவிடாமல் வைத்திருக்கிறது. ஊரணி முழுதாக வற்றினால் களி பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு ஆழமாகப் போனால் அதுவும் ஒரு வாசல். தூர்வார வேண்டிய வருடத்தில் மட்டும் வற்றவிடுவோம். அப்போதும் வண்டல் ஓர் அங்குலம் போல விட்டுத்தான் வழிக்கச் சொல்வேன்.

கப்பியைக் கழற்றுகிற வாரத்தில் சண்டை வரும். போன ஆவணியில் என் வீட்டு வாசலிலேயே வந்து கத்தினார்கள். கப்பி என் அரிசிப் பானைக்குள் இருந்தது. ஐப்பசி மூன்றாம் மழையில் பலகையை எடுத்த அன்று ராத்திரிதான் வெளியே எடுத்து எண்ணெய் போட்டேன்.